ஸ்டுட்கார்ட்டில் சனியும் ஞாயிறும்

கேட்டது இது: "அடுத்த மாதம் ஸ்டுட்கார்ட்டில் வேலையில் சேரப் போகிறேன். தனியாகத்தான் போகிறேன், ஜெர்மன் அரைகுறையாகத் தெரியும். வார நாட்கள் வேலையில் ஓடிவிடும். சனி, ஞாயிறை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்? வார இறுதியில் எங்கே போகலாம்? கார் இல்லாமல் சமாளிக்க முடியுமா?"

பயப்பட வேண்டிய இடத்தில்தான் பயப்படுகிறீர்கள். ஒன்பது வருடமாக இங்கே இருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் விசா, வீடு, குளிர் என்று பலதையும் கேட்பார்கள்; ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் முதல் ஆறு மாதத்தில் ஆளை அசைத்துப் பார்ப்பது அந்த ஒரு நாள்தான்.

என் கதையையே சொல்கிறேன். நான் வந்து இறங்கியது ஒரு சனிக்கிழமை இரவு, பத்தரை மணிக்கு மேல். மறுநாள் காலை பால் வாங்கலாம் என்று கீழே இறங்கினால் தெருவில் ஈ காக்கை இல்லை. முதல் சூப்பர் மார்க்கெட் மூடியிருந்தது. இரண்டாவதும் மூடல். மூன்றாவது கடையின் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த நேரப் பட்டியலைப் படித்தேன். திங்கள் முதல் சனி வரை எழுதியிருந்தது, அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. ஞாயிறு 'விடுமுறை' என்றுகூட எழுதவில்லை. அது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமே இல்லை அவர்களுக்கு. கடைசியில் ரயில் நிலையம் வரை நடந்து போய், அங்கே திறந்திருந்த பேக்கரியில் ஒரு ப்ரெட்ஸல் வாங்கி நின்றுகொண்டே தின்றேன்.

இது கடைக்காரர்களின் சோம்பல் இல்லை, அரசியலமைப்பிலேயே இருக்கிற விஷயம். ஞாயிறும் அரசு விடுமுறைகளும் ஓய்வுக்கான நாட்களாகப் பாதுகாக்கப்பட வேண்டும் என்று 1919-ஆம் ஆண்டு வைமர் அரசியலமைப்பின் 139-ஆவது பிரிவு சொன்னது. இன்றைய ஜெர்மன் அரசியலமைப்பு அந்த வரியை அப்படியே தன்னுள் எடுத்துக்கொண்டது. பெட்ரோல் பங்க், ரயில் நிலையக் கடைகள், சில மணி நேரம் பேக்கரி, முறை வைத்துத் திறக்கும் மருந்துக் கடை, உணவகங்கள். இவ்வளவுதான் திறந்திருக்கும். அன்றைக்குச் சுவரில் துளை போடக் கூடாது, புல் வெட்டும் இயந்திரத்தை ஓட்டக் கூடாது. காலி கண்ணாடிப் பாட்டில்களைத் தெருமுனைத் தொட்டியில் போடுவதுகூடக் கூடாது, ஏனென்றால் சத்தம் கேட்கும்.

அதனால் சனிக்கிழமையை ஞாயிறுக்கான முன்னேற்பாடாகவே வைத்துக்கொள்ளுங்கள். பல சூப்பர் மார்க்கெட்டுகள் சனி இரவு பத்து மணி வரை திறந்திருக்கும், ஆனால் ஆறு மணிக்கு மேல் போனால் தக்காளியில் நல்லதெல்லாம் போயிருக்கும். என் சனிக்கிழமை காலி பாட்டில்களில் தொடங்குகிறது. தூக்கிப் போடும் வகை பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 25 சென்ட், பீர் பாட்டிலுக்கு 8 சென்ட் என்று வாங்கும்போதே முன்பணம் பிடித்துவிடுவார்கள். இதற்கு 'ஃபாண்ட்' என்று பெயர். கடை வாசலில் சுவருக்குள் பதித்த ஓர் இயந்திரம் இருக்கும். அதன் வட்ட ஓட்டைக்குள் பாட்டிலை அடிப்பாகம் முதலில் போகும்படி வைத்தால், அது சுழற்றிப் பார்த்து, உள்ளே இழுத்துக்கொள்ளும். கடைசியில் பொத்தானை அழுத்தினால் ஒரு சீட்டு வரும். அதைப் பில் போடும் இடத்தில் கொடுத்தால் கழித்துக்கொள்வார்கள். டின்னை நசுக்கிவிடாதீர்கள், இயந்திரம் அதைப் படிக்க முடியாமல் திருப்பித் துப்பும். வெளியில் போகும்போது பாட்டில் காலியானால் குப்பைத் தொட்டிக்குள் போடாமல் பக்கத்தில் வைத்துவிட்டு வருவது இங்குள்ள வழக்கம். அதைப் பொறுக்கி வாழ்கிறவர்கள் தொட்டிக்குள் கையை விட வேண்டியிருக்காது.

பில் போடும் இடத்தில் ஒரு எச்சரிக்கை. அங்கே உட்கார்ந்திருப்பவர் பொருள்களைத் தள்ளும் வேகத்துக்கு நீங்கள் பைக்குள் போட முடியாது. முயற்சியே செய்ய வேண்டாம். எல்லாவற்றையும் தள்ளுவண்டியில் வாரிப் போட்டுக்கொண்டு, ஓரமாகப் போய் அடுக்குங்கள். உள்ளூர்க்காரர்களும் பலர் அதைத்தான் செய்கிறார்கள்.

அப்புறம் கேர்வோஹெ. இது இந்தப் பக்கத்துக்கே, அதாவது ஷ்வாபியப் பகுதிக்கே உரிய சமாச்சாரம். பெர்லினில் இருக்கிற நண்பர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். 'பெருக்கும் வாரம்' என்று பொருள். அடுக்ககத்தில் ஒவ்வொரு வாரமும் ஒரு வீட்டார் முறை வைத்துப் படிக்கட்டைப் பெருக்கித் துடைக்க வேண்டும். சில கட்டடங்களில் நடைபாதை, குப்பைத் தொட்டி வைக்கும் இடம், குளிர்காலத்தில் பனி தள்ளுவது எல்லாம் சேரும். உங்கள் முறை வந்தால் கதவுக் கைப்பிடியில் ஒரு சின்ன அட்டை தொங்கும். முடித்ததும் அதை அடுத்த வீட்டுக் கதவில் மாட்ட வேண்டும். நகரத்தைச் சுத்தமாக வைக்கச் சொல்லும் விதி 15-ஆம் நூற்றாண்டிலேயே இங்கு உண்டு. 1988-இல் நகர நிர்வாகம் தன் சட்டப் புத்தகத்திலிருந்து இந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது, ஆனால் வீட்டு வாடகை ஒப்பந்தங்களில் அது அப்படியே தங்கிவிட்டது.

முதல் முறை அட்டை என் கதவில் தொங்கியபோது ஏதோ விளம்பரம் என்று நினைத்து உள்ளே எடுத்து வைத்துக்கொண்டேன். புதன்கிழமை மாலை கீழ் வீட்டு அம்மா வந்து கதவைத் தட்டினார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கோபமெல்லாம் இல்லை. கையில் ஒரு வாளி, துணி. படியை எப்படித் துடைப்பது என்று மேலிருந்து கீழாக மூன்று படி செய்து காட்டினார், ஓரத்து மூலையைத் துணியைச் சுருட்டி விரலால் அழுத்தி எடுத்தார். பிறகு வாளியை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். என் ஜெர்மன் வகுப்பு உண்மையில் அன்றுதான் ஆரம்பித்தது என்று சொல்லலாம். அதற்கு முன் இரண்டு மாதம் படியில் பார்த்தால் தலையாட்டுவதோடு சரி. அதற்குப் பிறகு நின்று பேசுவார்.

வார நாட்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, எங்கும் போலத்தான். வீட்டுக்குக் குடிபோன இரண்டு வாரத்துக்குள் முகவரிப் பதிவு செய்ய வேண்டும். வீட்டுக்காரரிடம் கையெழுத்திட்ட சான்று வாங்கிக்கொள்ளுங்கள். அதிலிருந்துதான் வரி எண், வங்கிக் கணக்கு எல்லாம் கிளைக்கும். எதற்கும் முன்பதிவு நேரம் வேண்டும், அதற்கு 'டெர்மீன்' என்று பெயர், நீங்கள் முதலில் கற்றுக்கொள்ளப் போகும் சொல் அதுவாகத்தான் இருக்கும். எல்லாம் கடிதத்தில் வரும். கடிதப் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டவில்லை என்றால் தபால்காரர் போடாமல் போய்விடுவார், ஆகவே சாவி கிடைத்த அன்றே பெயரை ஒட்டுங்கள். டிவி இருக்கிறதோ இல்லையோ, ஒலிபரப்புக் கட்டணம் என்று ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ கேட்டு ஒரு கடிதம் வரும். மோசடி இல்லை, கட்டிவிடுங்கள். குளிர்காலத்திலும் தினம் இரண்டு மூன்று முறை ஜன்னலை முழுசாகத் திறந்து ஐந்து நிமிடம் காற்று விட வேண்டும். சமைத்த ஆவியும் குளித்த ஈரமும் உள்ளேயே நின்றால் சுவரில் பூஞ்சை பிடிக்கும், காலி செய்யும்போது அதற்கான செலவை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

சரி, ஊர் சுற்றும் கதைக்கு வருவோம். கார் தேவையில்லை. இந்தியா போன்ற நாடுகளின் ஓட்டுநர் உரிமம் இங்கே குடியேறிய ஆறு மாதம் வரைதான் செல்லும், பிறகு எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டும் எழுதிப் புதிதாக வாங்க வேண்டும். அந்தத் தலைவலி மெதுவாக இருக்கட்டும். உங்களுக்கு வேண்டியது 'டாய்ச்லாண்ட் டிக்கெட்'. 2023 மே மாதம் 49 யூரோவுக்குத் தொடங்கினார்கள், 2025-இல் 58 ஆனது, 2026 ஜனவரியில் 63. நாடு முழுக்க உள்ளூர் பஸ், டிராம், மெட்ரோ, வட்டார ரயில் எல்லாவற்றிலும் செல்லும். வேக ரயில்களில் மட்டும் செல்லாது. இது மாதச் சந்தா என்பதை மறக்காதீர்கள். நிறுத்த வேண்டுமானால் அந்த மாதம் பத்தாம் தேதிக்குள் சொல்ல வேண்டும். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் 60 யூரோ அபராதம், 'புதுசு, தெரியாது' என்று சொல்வதெல்லாம் எடுபடாது.

முதல் சில ஞாயிறுகளுக்கு ஊரைவிட்டு வெளியே போகவே வேண்டாம். ஸ்டுட்கார்ட் ஒரு கிண்ணம் மாதிரி. நடுவில் நகரம், சுற்றிலும் மேடு, மேட்டில் திராட்சைத் தோட்டம். கிண்ணத்தின் அடியிலிருந்து விளிம்புக்கு ஏற நானூறுக்கும் மேற்பட்ட படிக்கட்டுப் பாதைகள் உண்டு. ஒரு காலத்தில் திராட்சைத் தோட்டத்துக்கு ஏறிய வழிகள் அவை. ஷ்தெஃபெலெ என்பார்கள். எதையும் செல்லமாகச் சின்னதாக்கிச் சொல்ல ஷ்வாபியர்கள் கடைசியில் ஒரு 'லெ' போடுவார்கள்; வீடு, படி, தோசைக்கரண்டி எதுவும் தப்பாது.

ஏற முடியாவிட்டால் இரண்டு வண்டிகள் இருக்கின்றன, இரண்டிலும் அதே டிக்கெட்தான். மாரியன்பிளாட்ஸிலிருந்து டேகர்லோஹ் மேட்டுக்கு 1884 முதல் ஓடும் பல்சக்கர ரயில் ஒன்று. சைக்கிளை ஏற்ற முன்னால் தனித் தட்டு வைத்திருக்கும். இன்னொன்று ஹெஸ்லாஹிலிருந்து காட்டுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் கயிற்று ரயில், 1929-இல் கட்டியது, பெட்டி முழுக்கத் தேக்கு மரம். பழைய வீட்டு ஊஞ்சல் பலகையின் பளபளப்பு இருக்கும். பயணம் சில நிமிடம்தான். மேலே இறங்கினால் காடு.

வெளியே போவதென்றால் என் முதல் சிபாரிசு பாட் உராஹ் அருவி. பிரதான நிலையத்திலிருந்து மெட்ஸிங்கன் போய், அங்கே சின்ன ரயிலுக்கு மாற வேண்டும். மெட்ஸிங்கனில் தள்ளுபடித் துணிக்கடைகள் ஏராளம் என்பதால் சனிக்கிழமை பெரிய பைகளோடு பாதி ரயில் அங்கே இறங்கிவிடும். ஞாயிறு கடை மூடல், இடம் தாராளமாகக் கிடைக்கும். பாட் உராஹ் ஊருக்குச் சற்று முன்பே அருவிக்கென்றே தனி நிறுத்தம் இருக்கிறது, அதில் இறங்குங்கள். புல்வெளிப் பள்ளத்தாக்கில் ஓடை ஓரமாக நடக்க வேண்டும். முதலில் சத்தம் கேட்கும், அப்புறம் மரங்களுக்கு நடுவில் வெள்ளையாக ஒரு கோடு. 37 மீட்டர் நேராக விழுகிறது. இந்த மலை சுண்ணாம்புக்கல். தண்ணீர் கரைத்துக் கொண்டுவரும் சுண்ணாம்பு பாசியில் படிந்து படிந்து கல்லாகிறது. அருவி தான் விழும் திண்ணையைத் தானே கட்டிக்கொள்கிறது என்று அர்த்தம். கோடையில் போய் 'இதுவா அருவி' என்று உதட்டைப் பிதுக்கியவர்கள் உண்டு. பனி உருகும் மார்ச்சிலோ, நல்ல மழைக்கு அடுத்த நாளோ போக வேண்டும். பக்கத்துப் படியில் ஏறினால் மேலே ஒரு புல்வெளி, இன்னும் ஏறினால் ருட்ஷன்ஃபெல்ஸன் பாறை விளிம்பு. அங்கிருந்து பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும்.

வழி தவறுமோ என்ற கவலை வேண்டாம். 1888-இல் தொடங்கிய ஷ்வாபிய மலைச் சங்கம் மரத்துக்கு மரம் குறி வைத்திருக்கிறது. ஒரு விஷயம் கவனியுங்கள். நகரத்தில் எதிரே வருகிறவர்கள் முகம் கொடுக்க மாட்டார்கள். அதே ஆட்கள் காட்டுப் பாதையில் 'க்ரூஸ் காட்' என்று வணக்கம் சொல்லாமல் கடக்க மாட்டார்கள். பதில் சொல்லிப் பழகுங்கள்.

ரயிலில் போகும் முன் செயலியில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். தண்டவாள வேலைகளை வார இறுதியில்தான் நிறைய வைப்பார்கள். அப்போது ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள். அதற்கு 'ஷீனென்எர்ஸாட்ஸ்ஃபெர்கேர்' என்று ஒரு நீண்ட பெயர். வாயில் நுழையாவிட்டாலும் பலகையில் பார்த்தால் தெரிய வேண்டும். நான் ஒருமுறை இது தெரியாமல், எல்லோரும் இறங்கிப் போன காலி ரயிலில் இருபது நிமிடம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன், வண்டி இப்போது கிளம்பிவிடும் என்று.

ட்யூபிங்கனுக்கும் ஒருநாள் போய் வாருங்கள், சுமார் ஒரு மணி நேரம். ஆற்றோரம் மஞ்சள் நிறத்தில் ஹோல்டர்லின் என்ற கவிஞர் தன் கடைசி 36 ஆண்டுகளைக் கழித்த கோபுரம், கோலூன்றித் தள்ளும் நீளப் படகுகள், மேட்டில் கோட்டை. நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. மலையாள அகராதி தந்த ஹெர்மன் குண்டர்ட் ஸ்டுட்கார்ட்டில் 1814-இல் பிறந்தவர், ட்யூபிங்கனில் படித்தவர். 1836-இல் சென்னையில் வந்து இறங்கி அவர் முதலில் கற்றது தமிழ். மலையாளக் கரைக்குப் போனது அப்புறம்தான். எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸெ அவருடைய பேரன், இளம் வயதில் இதே ட்யூபிங்கனில் புத்தகக் கடையில் வேலை பார்த்தவர். இங்கிருந்து அங்கே போய் நம் மொழியோடு மல்லுக்கட்டிய ஒருவரை நினைத்துக்கொண்டால், ஜெர்மன் இலக்கணத்தில் பெயர்ச்சொல்லுக்குப் பெயர்ச்சொல் பால் மாறும்போது வரும் எரிச்சல் கொஞ்சம் அடங்கும். எனக்கு அடங்கியது.

இன்னொரு நாள் உல்ம் நகருக்குப் போகலாம். அங்குள்ள தேவாலயத்தின் உயரம் 161.53 மீட்டர். 1890 முதல் 2025 வரை உலகிலேயே உயரமான தேவாலயமாக இருந்தது. அதே நாளில் பக்கத்திலிருக்கும் ப்ளாவ்பாய்ரனில் நீல ஊற்றையும் பார்த்துவிட்டு வரலாம், மை கொட்டியது போன்ற நீலம்.

குளிர்காலம் வேறு கணக்கு. டிசம்பரில் மாலை நாலரைக்கே சூரியன் போய்விடும், காலை எட்டுக்குத்தான் வரும். 'பத்து மணிக்கு எழுந்து மதியம் கிளம்பலாம்' என்ற திட்டம் அப்போது வேலைக்கு ஆகாது. பகலில் வெளியே ஒரு மணி நேரமாவது நடந்துவிடுங்கள், மழைத் தூறல் என்றாலும். பாட் கான்ஸ்டாட் பகுதியில் தாது நீர் ஊற்றுகள் நிறைய உண்டு, அதை வைத்துப் பொதுக் குளியல் கூடங்கள் நடக்கின்றன. வெந்நீர்த் தொட்டியில் கழுத்துவரை அமிழ்ந்து, மேலே பனி விழுவதைப் பார்ப்பது இந்த ஊரின் பெரிய சுகங்களில் ஒன்று. தொட்டிப் பகுதியில் நீச்சல் உடை கட்டாயம். ஆனால் அங்கேயே சவுனா, அதாவது வியர்க்க வைக்கும் சூட்டு அறை, என்று பலகை போட்ட கதவுக்குப் பின்னால் ஆண் பெண் எல்லோரும் உடையில்லாமல்தான் இருப்பார்கள், அதுதான் விதி. தெரியாமல் கதவைத் திறந்துவிட்டு வெலவெலத்துப் போன நம் ஆட்களின் பட்டியல் நீளமானது. அதில் என் பெயரும் உண்டு.

இடம் பார்த்தாகிவிட்டது, ஆட்கள்? இங்கே நட்பு மெதுவாகத்தான் வரும். 'நாளைக்கு வீட்டுக்கு வர்றீங்களா?' என்றால் மிரள்வார்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு தேதி சொன்னால் நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, சொன்ன நிமிடத்தில் வந்து நிற்பார்கள். பிறந்தநாள் என்றால் பிறந்தநாள்காரர்தான் அலுவலகத்துக்குக் கேக் கொண்டுவர வேண்டும். முந்தைய நாளே வாழ்த்துச் சொல்லிவிடாதீர்கள், அபசகுனம் என்பார்கள். நட்பு பிடிக்க ஒரே நல்ல வழி, வாரம் தவறாமல் ஒரே இடத்துக்கு ஒரே ஆட்களோடு போவது. பாட்மிண்டன், சேர்ந்திசை, மலைநடை என்று எல்லாவற்றுக்கும் இங்கே சங்கம் இருக்கிறது. நகரின் மக்கள் கல்விக்கூடத்தில் மாலை நேர ஜெர்மன் வகுப்பும் உண்டு. நான் ஒரு செவ்வாய்க்கிழமை டேபிள் டென்னிஸ் குழுவில் சேர்ந்தேன். நான்கு மாதம் வரும்போது 'ஹலோ', கிளம்பும்போது 'ட்ஷூஸ்', இவை தவிர ஒன்றுமில்லை. ஐந்தாவது மாதம் அவர்களில் ஒருவர் தன் தோட்டத்து ஆப்பிளை ஒரு பை நிறையக் கொண்டுவந்து என் சைக்கிளில் மாட்டிவிட்டார்.

தமிழ் கேட்க வேண்டும் போல இருந்தால் ஈழத்தமிழர் கடைகள் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை புதுக் கறிவேப்பிலை வரும் நேரம் பார்த்துப் போங்கள். "தம்பி எந்த இடம்? வந்து கனகாலமோ?" என்று கேட்டுவிட்டு, கேட்காமலேயே ஒரு கொத்து முருங்கைக்கீரையையும் பையில் வைத்த அண்ணா ஒருவர் எனக்கு உண்டு. ஹாம் நகரில் 2002-இல் கட்டிய காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. கோடையில் அதன் தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். இங்கிருந்து தூரம்தான், வட்டார ரயிலில் போனால் பொழுது போய்விடும். ஆனால் முதல் வருடத்திலேயே ஒரு முறை போய்விடுங்கள். தமிழர்களோடு மட்டுமே எல்லா வார இறுதியையும் கழிக்கிறவர்களை எனக்குத் தெரியும். தப்பென்று சொல்ல மாட்டேன்; எட்டு வருடம் ஆகியும் மருத்துவரிடம் பேசத் துணைக்கு ஆள் தேடுகிறார்கள், அவ்வளவுதான்.

வந்து இறங்கும் நாளை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். திங்கள் முதல் வியாழன் வரை ஏதாவது ஒரு நாளாக இருக்கட்டும், அரசு விடுமுறைக்கு முந்தின நாளாக வேண்டாம். சனி இரவுதான் டிக்கெட் கிடைக்கிறது என்றால் ஞாயிறு ஒரு நாளுக்குத் தாங்கும் அளவுக்கு அவல், பால் பவுடர், ஊறுகாய் பெட்டியில் இருக்கட்டும். மலைநடை ஷூ அங்கிருந்து வாங்கி வர வேண்டாம், இங்கே வந்து காலில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். அதுவும் சனிக்கிழமைக்குள்.